வாராக்கடன் வங்கி லாபத்தை எப்படி அரிக்கிறது: ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டிய இடங்கள்

மொத்த வாராக்கடன் விகிதத்தை (வங்கி கொடுத்த மொத்தக் கடனில் வாராக்கடனின் பங்கு) மட்டும் பார்த்துவிட்டு ஆண்டறிக்கையை மூடிவிடாதீர்கள். அந்த எண்ணைக் குறைத்துக் காட்டப் பல வழிகள் உண்டு.

முதலில் கணக்கு. இந்தியாவில் தவணையோ வட்டியோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். 10% வட்டிக்குக் கொடுத்த 100 கோடி ரூபாய் அப்படி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வராமலே வருமானமாக எழுதிய சுமார் இரண்டரைக் கோடி வட்டியை லாபத்திலிருந்து எடுக்க வேண்டும். அடமானம் இருந்தால் 15 கோடி, தொடக்கத்திலிருந்தே இல்லையென்றால் 25 கோடி லாபத்திலிருந்து ஒதுக்க வேண்டும். டெபாசிட்காரருக்கான வட்டியோ நிற்காது. கடனில் 3% நிகர வட்டி மிஞ்சும் வங்கிக்கு, 500 கோடி நல்ல கடனின் ஓராண்டு வருவாய் முழுவதும் அந்த 15 கோடிக்கே போய்விடும். ஊழியர் சம்பளம் இதில் சேரவில்லை.

அடுத்து, கணக்குக் குறிப்புகளில் வாராக்கடன் நகர்வு அட்டவணையைத் தேடுங்கள். ஆண்டில் புதிதாக வாராக்கடனானதை, தொடக்கத்தில் ஒழுங்காக இருந்த கடன் தொகையால் வகுத்தால் ஸ்லிப்பேஜ் விகிதம் கிடைக்கும். எனக்கு இதுதான் முதல் எண். இது ஏற, மொத்த விகிதம் மட்டும் இறங்கினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: வசூலாகாமலே ‘ரைட் ஆஃப்’ செய்து, அதாவது கணக்கிலிருந்து நீக்கியிருப்பார்கள், அல்லது புதுக்கடனை வேகமாகக் குவித்து வகுக்கும் எண்ணைப் பெருக்கியிருப்பார்கள். புதுக்கடன் பெரும்பாலும் உடனே கெடாது, ஓரிரு ஆண்டு கழித்துத்தான் கெடும்.

பிறகு நிகர வாராக்கடனை (மொத்தத்தில் ஏற்கெனவே ஒதுக்கியதைக் கழித்தது) வங்கியின் சொந்த மூலதனத்தோடு ஒப்பிடுங்கள். மூலதன விகிதம் (இடருக்கேற்ப எடைபோட்ட சொத்துகளில் மூலதனத்தின் பங்கு) 11.5% என்ற கட்டாய அளவை நெருங்கினால், நல்ல வாடிக்கையாளருக்கும் கடன் சுருங்கும். கடன் பத்திரச் சந்தை சிறு தொழில்களுக்கு எட்டாத நாட்டில் அவர்களுக்கு வேறு வாசல்கள் குறைவு.

கடைசியாக, வங்கி காட்டிய வாராக்கடனுக்கும் தன் கணக்குக்கும் இடையே ரிசர்வ் வங்கி கண்ட வேறுபாடு பற்றிய பத்தி. 2015இல் அது நடத்திய சொத்துத் தர ஆய்வுக்குப் பிறகே மறைந்திருந்தவை வெளியே வந்தன. 2018 மார்ச்சில் வங்கித் துறையின் வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. 2015-16க்கு யெஸ் வங்கி காட்டிய வாராக்கடன் சுமார் 749 கோடி. ரிசர்வ் வங்கி கணக்கிட்டதோ சுமார் 4,926 கோடி. வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வங்கி இதை வெளியிட்டே ஆக வேண்டும். அந்த அட்டவணையின் கடைசியில் திருத்திய நிகர லாபம் இருக்கும். அது எந்த ஆண்டுக்கானதோ அந்த ஆண்டுக்கு முகப்பில் அச்சிட்ட லாபத்தை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.