புதுப் பாட்டு தேடித் தரும் செயலியும் நாம் செய்யும் தவறுகளும்

1994-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் ‘ரிங்கோ’ என்று ஒரு பரிந்துரை முறையை உருவாக்கினார்கள். அது மின்னஞ்சல் வழியாக ஓடியது. இசைக்கலைஞர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வரும். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு அனுப்ப வேண்டும். நம்மைப் போலவே மதிப்பெண் போட்டவர்கள் யார் என்று பார்த்து, அவர்களுக்குப் பிடித்த, நாம் இன்னும் கேட்டிராத கலைஞர்களை அது சொல்லும். இன்றைய பாட்டுச் செயலிகளின் அடிப்படை யோசனையும் பெரும்பாலும் அதுவே. ஒன்று மட்டும் மாறிவிட்டது. ரிங்கோ நம்மைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. இன்றைய செயலி நம்மைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது.

எதைப் போட்டோம், எங்கே நிறுத்தினோம், எதைத் தாண்டிப் போனோம், எதைத் திரும்பப் போட்டோம், எதைப் பிளேலிஸ்ட்டில் சேர்த்தோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஒரு பாட்டைக் கேட்டு மனம் உருகி உட்கார்ந்திருந்தது தெரியாது. “எனக்குப் போய் இதைக் கொடுக்கிறதே” என்று நாம் சலித்துக்கொள்ளும்போது, அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் பெரும்பாலும் நாமே யோசிக்காமல் விட்டுவந்த தடயம் ஒன்று இருக்கும். நல்ல பாட்டு எங்கோ காத்திருக்க, நமக்கு வந்து சேராமல் போவது உண்மையிலேயே வருத்தமான விஷயம். அதனால்தான் இந்தத் தவறுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தூக்கத்துக்குப் போட்ட மழைச் சத்தம்

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தூக்கம் சரியாக வராது. இரவு முழுக்க மழைச் சத்தத்தை ஓடவிட்டுப் படுப்பேன். சில வாரங்களில், எனக்கென்று வரும் புதுப்பாட்டுப் பட்டியலில் மழை, கடலலை, காற்று, மெல்லிய பியானோ என்று வரத் தொடங்கியது. பகலில் நான் மனம் வைத்துக் கேட்பது ஒரு மணி நேரம்தான். இரவில் ஓடியதோ எட்டு மணி நேரம். எது என் ரசனை, எது என் தூக்கமருந்து என்று பிரித்துச் சொல்ல அந்தக் கணக்கில் எதுவும் இல்லை. எட்டு மணி நேரம் ஜெயித்துவிட்டது.

குழந்தைக்குப் போட்ட தாலாட்டு, படிக்கும்போது ஓடவிட்ட வார்த்தையில்லாத இசை, விருந்துக்கு வந்த நண்பர் நம் போனை வாங்கிப் போட்ட பாட்டு எல்லாம் இப்படியே சேர்கின்றன. வீட்டில் நாலு பேர் ஒரே கணக்கை வைத்துக்கொண்டால் இன்னும் மோசம். நாலு பேருடைய ரசனையையும் ஒரே ஆளின் ரசனை என்று செயலி நம்பிவிடும். அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே கிடையாது. அவருக்காகத் தேர்ந்தெடுத்த பாட்டு நாலு பேரில் யாருக்கும் பொருந்தாது. குடும்பச் சந்தா இருந்தால் ஆளுக்கொரு கணக்கு தனித்தனியாக வைத்துக்கொள்வதே சரி.

இதைத் தடுக்கும் வசதிகள் செயலிகளிலேயே இருக்கின்றன, பலர் அந்தப் பக்கம் போவதில்லை. ஸ்பாட்டிஃபையில் பிரைவேட் செஷன் என்று ஒன்று இருக்கிறது, அதில் கேட்பது பரிந்துரையைப் பாதிக்காமல் இருக்கலாம். தூக்கத்துக்கான பிளேலிஸ்ட், குழந்தைக்கான பிளேலிஸ்ட் போன்றவற்றை ‘இதை என் ரசனைக் கணக்கில் சேர்க்காதே’ என்று தனியாக விலக்கி வைக்கவும் முடியும். ஐபோனில் ஆப்பிள் மியூசிக் கேட்பவர்கள், கேட்ட வரலாற்றைப் பயன்படுத்தும் அமைப்பைக் கொஞ்ச நேரத்துக்கு அணைத்து வைக்கலாம். யூடியூப் மியூசிக்கில் வரலாறு பதிவாவதை நிறுத்தி வைக்கலாம், பதிவானதை ஒவ்வொன்றாக அழிக்கவும் செய்யலாம். அதே கணக்கில் யூடியூபில் பார்க்கும் இசைக் காணொளிகளும் இங்கே வந்து சேரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால்? புதுக் கணக்குத் தொடங்கத்தான் முதலில் தோன்றும். அவசரப்பட வேண்டாம். பல வருடம் சேர்த்த நல்ல தடயங்களும் சேர்ந்து போய்விடும். மழைச் சத்தத்தை விலக்கி வைத்துவிட்டு, சில வாரம் நமக்குப் பிடித்ததை மட்டும் தேடிப் போட்டுக் கேட்டாலே பட்டியல் மெல்லத் திரும்பி வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

கேட்காமலே தீர்ப்பு எழுதுவது

ஸ்பாட்டிஃபையில் கேட்பவர்கள் எப்போது ஒரு பாட்டைத் தாண்டுகிறார்கள் என்று இசைத் தரவுகளை ஆராயும் பால் லாமியர் 2014-இல் கணக்கெடுத்து வெளியிட்டார். முதல் 5 விநாடிக்குள்ளேயே ஏறக்குறைய நாலில் ஒரு பாட்டு தள்ளப்பட்டது. முடிவு வரை ஓடியவை பாதிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஒரு பாட்டு 30 விநாடியாவது ஓடினால்தான் ஸ்பாட்டிஃபையில் அது கேட்கப்பட்டதாகவே கணக்கில் வரும். அதற்கு முன்பே தாண்டிவிட்டால் ‘இவருக்குப் பிடிக்கவில்லை’ என்ற குறிப்பாக அது எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஐந்து விநாடியில் என்ன தெரியும்? குரல்கூட வந்திருக்காது. மெல்லத் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் விரியும் பாடல்களுக்கு இந்தப் பழக்கம் பெரிய அநியாயம். நாம் ஒரு பாட்டை மட்டும் இழப்பதோடு இது முடிவதில்லை. அந்தப் பாட்டைப் போன்றவையும் நம் பக்கம் வருவது குறைகிறது. அப்புறம் முதல் விநாடியிலேயே அதிரடியாகத் தொடங்கும் பாட்டுகளே மிஞ்சுகின்றன.

புதுப் பாட்டு முதல் தடவையே பிடித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பாட்டு விஷயத்தில் தொடக்கத்தில் நேர்மாறாகவே நடக்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதாலேயே அதன் மேல் பிடிப்பு வருகிறது என்பதை ராபர்ட் ஸயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் ஆய்வுகளோடு எழுதினார். ஸ்பாட்டிஃபை வாராவாரம் தரும் ‘டிஸ்கவர் வீக்லி’ பட்டியலை உருவாக்கியவர்களும் இதை வேறு வழியில் கண்டுகொண்டார்கள். 2015-இல் வந்த அந்தப் பட்டியலில், கேட்பவருக்கு அறிமுகமே இல்லாத பாட்டுகள் மட்டும் இருக்க வேண்டும் என்பதே திட்டம். நிரலில் இருந்த ஒரு பிழையால், ஏற்கெனவே கேட்ட சில பாட்டுகளும் நுழைந்துவிட்டன. பிழையைச் சரிசெய்து முழுக்கப் புதிதாகவே கொடுத்தபோது கேட்பது குறைந்துபோனது. தெரிந்த குரல் ஒன்றிரண்டு பக்கத்தில் இருந்தால்தான் தெரியாத குரலுக்கு நாம் காது கொடுக்கிறோம் போலிருக்கிறது.

நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது. ஒரு புதுப் பட்டியல் வந்தால் முதல் தடவை ஸ்கிப் பொத்தானைத் தொடுவதில்லை. அடுத்த நாள் இன்னொரு முறை, வேறு மனநிலையில், வேறு நேரத்தில் கேட்பேன். அப்போதும் ஒட்டாததை விட்டுவிடுவேன். முதல் நாள் பிடிக்காமல் மூன்றாம் நாள் விடாமல் கேட்ட பாட்டுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. பிடிக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகும், எழுந்து போய் மாற்றச் சோம்பல்பட்டு முழுக்க ஓடவிடுகிறோம். அதுவும் ஒரு வாக்குதான். பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் லைக் போடுவதும் அப்படியே. எல்லாவற்றுக்கும் போட்ட லைக் எதையும் சொல்வதில்லை. எதற்குமே போடாமல் இருந்தால், நம் பிடித்தம் தெரியாமல் அது ஊகித்துக்கொண்டே இருக்கும். இன்னும் பத்து வருடம் கழித்தும் கேட்பேன் என்று தோன்றுவதற்குப் போடுங்கள், போதும்.

எல்லாருக்கும் தெரிந்த பாட்டை விதையாகப் போடுவது

ஒரு பாட்டை வைத்து ‘இதைப் போல இன்னும் கொடு’ என்று ரேடியோ தொடங்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஆனால் பலரும் அங்கே ஒரு பெரிய ஹிட் பாட்டைப் போடுகிறார்கள். வருவது இன்னும் முப்பது ஹிட் பாட்டுகள்.

காரணம் எளிது. எந்தப் பாட்டோடு எந்தப் பாட்டு சேர்ந்து கேட்கப்படுகிறது, ஒரே பிளேலிஸ்ட்டில் எவை பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பது பரிந்துரைக்கு முக்கியமான ஆதாரம். பெரிய ஹிட் கோடிக்கணக்கானவர்களின் பட்டியலில் இருக்கிறது. அந்தக் கோடிப் பேருக்கும் பொதுவாக இருப்பது மற்ற ஹிட் பாட்டுகள் மட்டுமே. அதே கலைஞரின் நாலாவது ஆல்பத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தேடிப் போய்ச் சேர்த்தவர்கள் கொஞ்சம் பேர், அக்கறையாகக் கேட்பவர்கள். அவர்களின் பட்டியல்களில் பக்கத்தில் இருப்பவையும் அப்படிப்பட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம். விதையை மாற்றினால் விளைச்சல் மாறுகிறது. நீங்களே ஒரு மாலை இரண்டையும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பரிந்துரை ஒன்றே போதும் என்று இருப்பது

இதைத்தான் பெரிய தவறாக நான் நினைக்கிறேன். ஸ்பாட்டிஃபையின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை நேரடியாகப் பார்த்தது. அல்காரிதம், அதாவது செயலியின் பரிந்துரைக் கணக்கு, கொடுப்பதைக் கேட்கும் நேரத்தில் கேட்பவற்றின் பன்முகம் குறைவாக இருந்தது. காலப்போக்கில் பலவகை இசைக்கு விரிந்தவர்கள், அல்காரிதத்தைச் சார்ந்து கேட்பதைக் குறைத்து, தாங்களே தேடிக் கேட்பதைக் கூட்டியிருந்தார்கள். பரிந்துரையைச் செய்யும் நிறுவனத்தின் ஆய்விலேயே வந்த முடிவு இது.

செயலி நேற்று கேட்டதை வைத்து இன்று கொடுக்கிறது, இன்று கேட்டதை வைத்து நாளை கொடுக்கும். நாம் எதையும் உள்ளே கொண்டுவராமல் இருந்தால் செக்குமாடு போல அதே வட்டம்தான். யாரும் இன்னும் எந்தப் பட்டியலிலும் சேர்க்காத பாட்டு, சேர்ந்து கேட்டவர்களின் கணக்கு வழியாக நம்மிடம் வர வழியே இல்லை. இந்தக் குறைக்கு மாற்று வழியும் இருக்கிறது. இசை வல்லுநர்கள் ஒவ்வொரு பாட்டையும் காதால் கேட்டு, தாளம், குரலின் தன்மை, கருவிகள் என்று சுமார் 450 கூறுகளைக் குறித்து வைக்கும் திட்டத்தை 2000-இல் தொடங்கினார்கள். பண்டோரா என்ற இணைய வானொலி அதன் மேல்தான் எழுந்தது. இப்போது கணினியே ஒலியை அலசிப் பார்க்கிறது. ஆனாலும், நிறையப் பேர் கேட்பதையே மேலும் நிறையப் பேருக்குக் காட்டும் சாய்வு எளிதில் போவதில்லை.

வரும் பரிந்துரை எல்லாமே நம் ரசனையை மட்டும் வைத்து வருகிறது என்று நம்புவதும் இதோடு சேர்ந்த தவறு. ஸ்பாட்டிஃபை 2020 நவம்பரில் ‘டிஸ்கவரி மோட்’ என்ற திட்டத்தை அறிவித்தது. கலைஞரோ இசை நிறுவனமோ ஒரு பாட்டுக்குக் குறைந்த ராயல்டி பெற ஒப்புக்கொண்டால், ரேடியோ, ஆட்டோபிளே போன்ற இடங்களில் அந்தப் பாட்டுக்கு முன்னுரிமை கிடைக்கும். அப்படி வரும் பாட்டு மோசமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. நாம் போட்ட ஆல்பம் முடிந்ததும் தானாக ஓடும் அடுத்த பாட்டை ‘எனக்காகவே தேர்ந்தெடுத்தது’ என்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அவ்வளவே. ஆட்டோபிளேயை அமைப்புகளில் அணைத்து வைக்கலாம். ஆல்பம் முடிந்த பிறகு வரும் அமைதியில், அடுத்து என்ன கேட்பது என்று நாமே யோசிக்கத் தொடங்குவோம்.

அப்போது எங்கே போவது? பிடித்த பாட்டின் கிரெடிட்ஸைத் திறந்து பாருங்கள். எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர் பெயர்கள் அங்கே இருக்கும். நமக்குப் பிடித்தது பாடியவரின் குரல் என்று இத்தனை நாள் நினைத்திருப்போம், தயாரித்தவரின் பெயரைத் தட்டிப் போனால் நமக்குப் பிடித்த இன்னும் ஐந்து பாட்டில் அதே பெயர் இருக்கும். வாசித்தவர்களின் பெயர் செயலியில் இல்லையென்றால் ஆல்பத்தின் உறைக் குறிப்பில் தேடுங்கள். அதில் வரும் டிரம்ஸ் வாசிப்பவர் நடத்தும் தனிக் குழு, அந்தக் குழுவை வெளியிடும் சின்ன லேபிள், அந்த லேபிளில் இருக்கும் மற்றவர்கள் என்று ஒரு வழி திறந்துகொண்டே போகும். நண்பரிடம் “உனக்குப் பிடித்த ஒரு முழு ஆல்பத்தைச் சொல்” என்று கேளுங்கள். இப்படித் தேடி எடுத்ததைச் செயலியிலேயே முழுதாகக் கேட்டால் அதுவும் நம் கணக்கில் சேரும். அடுத்தடுத்த வாரப் பட்டியலில் அந்தத் திசையிலிருந்து பாட்டு வரத் தொடங்கும். இந்தச் செயலிகள் மிக நன்றாக வேலை செய்வது அப்போதுதான்.

கையில் கிடைத்ததைத் தொலைப்பது

டிஸ்கவர் வீக்லியில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுப் பாட்டுகள் வந்ததும் பழையவை போய்விடும். ‘போன வாரம் ஒரு பெண் குரல், பின்னால் செல்லோ’ என்று பெயர் தெரியாமல் தேடித் தவித்திருக்கிறேன். அந்தப் பாட்டு இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது மாதத்துக்கு ஒரு பிளேலிஸ்ட் வைத்திருக்கிறேன். ஓரளவு பிடித்தாலே அதில் போட்டுவிடுவேன். மாதக் கடைசியில் முழுதும் ஒரு தடவை கேட்டு, நிற்பவற்றை வேறொரு பட்டியலுக்கு மாற்றுகிறேன். பெரும்பாலும் ஐந்தாறு நிற்கும். அவற்றில் ஒன்றின் முழு ஆல்பம்தான் அடுத்த மாதம் நான் முதலில் கேட்பது.