ஸ்பானிஷ் பேசும் குழந்தைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல்

வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குழந்தை 'ஹவுஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை ஜே என்னும் எழுத்தில் தொடங்கி எழுதினால், சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் அதைச் சற்று உற்றுப் பாருங்கள். ஸ்பானிஷில் எச் தனித்து ஒலிப்பதில்லை. 'ஓலா' என்னும் முகமன் சொல்லின் முதலெழுத்து எச்தான். ஹகரத்தை ஒத்த ஒலியைத் தருவது ஜே. ஆகவே அக்குழந்தை கவனக்குறைவாக எழுதவில்லை. தான் அறிந்த விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது.

முதலில் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லி எழுதச் செய்து, மதிப்பெண் இடாமல், பிழைகளை மட்டும் வகைப்படுத்துங்கள். பெரும்பாலானவை உயிரொலிகளில்தான் இருக்கும். ஸ்பானிஷில் ஐந்து உயிரெழுத்துகளுக்கு ஐந்தே ஒலிகள். ஆங்கிலத்திலோ அதே ஐந்து எழுத்துகள் ஏறத்தாழ 15 ஒலிகளைச் சுமக்கின்றன. 'ஷிப்', 'ஷீப்' இரண்டும் அக்குழந்தையின் காதில் ஒன்றாகவே விழக்கூடும் என்பதால், கப்பல் படத்தையும் ஆட்டின் படத்தையும் முன்னே வைத்து, நீங்கள் சொல்லும் சொல்லுக்குரிய படத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காது பழகிய பிறகே எழுத்துக்கு வர வேண்டும். 'லைக்' என்பதை அது எல், ஏ, ஐ, கே என்று எழுதும்; ஒலிக்காமல் இறுதியில் நிற்கும் ஈ அதற்குப் புதிது. 'பிட்' என்று எழுதிய அட்டையின் ஓரத்தில் ஈ எழுத்தை வைத்தும் எடுத்தும், அது 'பைட்' ஆக மாறுவதை உரக்கப் படிக்கச் செய்யுங்கள்.

மெய்யொலிகள் விரைவில் வசப்படும். பி (b), வி (v) இரண்டும் ஸ்பானிஷில் ஒரே ஒலி என்பதையும், 'ஸ்கூல்' போன்ற தொடக்கம் அம்மொழியில் இல்லாததால் முன்னால் ஓர் ஈ சேர்கிறது என்பதையும் சொல்லிவிட்டால் போதும்; நம்மில் பலர் 'இஸ்கூல்' என்பதும் இதைப் போன்றதுதான். ஆனால் 'ஜம்ப்ட்' போன்ற சொற்களின் ஈறு காதில் விழாமலே போகும். அங்கே ஒலியை நம்பாமல், நேற்று நடந்ததைச் சொன்னால் ஈ, டி (ed) சேர வேண்டும் என்று பொருளின் வழியாகக் கற்பிப்பதே நல்லது.

ஸ்பானிஷ் வாசிப்பை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். 'நாசியோன்' தெரிந்த குழந்தைக்கு 'நேஷன்' பாதி தெரிந்த சொல். ஈற்றில் சி (c) இருந்த இடத்தில் டி (t) வருகிறது. 'தெலேஃபோனோ'வின் எஃப், 'டெலிஃபோன்' என்பதில் பி, எச் (ph) ஆகிறது. இத்தகைய இணைச்சொற்களை ஒரு நோட்டில் அருகருகே எழுதி, மாறும் எழுத்தின் கீழ் மட்டும் குழந்தையையே கோடிடச் சொல்லுங்கள்.