ஊரில் இருந்து வெளிநாட்டு வேலையா? மார்ச் 31-ஐ நடுவில் வையுங்கள்

வளைகுடா வேலையை ஆறு மாதம் பாளையங்கோட்டை வீட்டில் இருந்தே பார்க்க வருகிறவர்கள், வருமான வரிக்கான நாள் கணக்கை மனதில் வைத்து, நிதியாண்டு முடியும் மார்ச் 31 நடுவில் விழும்படி டிக்கெட் போடுங்கள். ஜனவரி 1 திருவனந்தபுரத்தில் இறங்கி ஜூன் 29 விமானம் ஏறினால், 180 நாளும் இரண்டு நிதியாண்டுகளில் 90, 90 எனப் பிரியும் (லீப் ஆண்டில் ஒரு நாள் கூடும்). குற்றாலச் சாரலும் கிடைத்துவிடும்.

வருகையாக வரும் இந்தியக் குடிமகன் வரிக் கணக்கில் வெளிநாட்டுவாழ் இந்தியராகவே இருக்க, இங்கே தங்கும் நாளுக்கு வரம்பு நிதியாண்டுக்கு 182 நாள். அதைத் தொடாதவரை அங்கே செய்த வேலைக்கு அங்கேயே வாங்கிய சம்பளம் இங்கே வரிக்கு வராது. இறங்கிய நாள், ஏறிய நாள் இரண்டையும் எண்ணிக்கொள்வதே பத்திரம்.

வாடகை, வட்டி என்று இந்திய வருமானம் 15 லட்சம் தாண்டுகிறவருக்கு, முந்தைய 4 ஆண்டுகளில் 365 நாள் இங்கே இருந்திருந்தால், வரம்பு 120 நாள்தான். வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டவருக்கு இந்த 182 நாள் சலுகையே இல்லை.

பலரும் தவறவிடுவது இது: பாளையங்கோட்டையில் உட்கார்ந்து செய்த வேலையின் சம்பளம், துபாய் கணக்கில் விழுந்தாலும், இந்திய வருமானம்தான். 182 நாள் கணக்கு மட்டும் அதைக் காப்பாற்றாது. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் விலக்குக் கேட்க வேலை தரும் வளைகுடா நாட்டின் வரி வதிவிடச் சான்று (வரிக்கு நீங்கள் அந்த நாட்டில் வசிப்பவர் என்று அந்நாட்டு அரசு தருவது) வேண்டும். கிளம்பும் முன்பே விண்ணப்பியுங்கள்.