அழி ஜன்னல், ஒரே ஒரு ஃபிளாஷ்: நுவார் பாணியில் படம் எடுக்கும் முறை

செங்கோட்டை, புளியரைப் பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் அழி போட்ட ஜன்னல் இன்னும் இருக்கிறது. நெட்டுக்கு நிற்கும் மரச்சட்டங்கள், ஒவ்வொன்றும் ஓர் அங்குலக் கனம், நடுவில் நாலு விரல் இடைவெளி. 1940-களின் அமெரிக்கக் குற்றப் படங்களில் முகத்தில் பட்டை பட்டையாக நிழல் விழுவதற்கு ஜன்னல் பிளைண்டை, அதாவது பட்டைச் சட்டங்களாலான திரையைப் பயன்படுத்தினார்கள். அந்தப் படங்களைத்தான் பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃபிராங்க் 1946-ல் ‘ஃபிலிம் நுவார்’ என்று குறிப்பிட்டார். ஃபிளாஷை வெளியே வைத்து, ஜன்னல் வழியாக உள்ளே நிற்கும் ஆள்மேல் அடித்தால், நமக்கு அந்த வேலையை அழி செய்துவிடும்.

என்னென்ன வேண்டும்

மேனுவல் ஃபிளாஷ் (பவரை நாமே கையால் வைப்பது) ஒன்று, ரேடியோ டிரிகர் (தள்ளி இருக்கும் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து அடிக்க வைக்கும் கருவி), ஸ்டாண்ட், கருப்பு சார்ட் அட்டை, கருப்புத் துணி. முதல் ஃபிளாஷுக்கு கோடாக்ஸ் டிடி600 போதும். ரிசீவர் உள்ளேயே இருப்பதால், அதே கம்பெனியின் எக்ஸ் வரிசை டிரிகரைக் கேமராவில் மாட்டினால் வேலை முடிந்தது. வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கும் ஆப்டிகல் ஸ்லேவை நம்ப வேண்டாம். ஃபிளாஷ் முற்றத்திலும் கேமரா அறைக்குள்ளும் இருக்கும்போது அது பாதி நேரம் அடிக்காது. சாஃப்ட்பாக்ஸ் வாங்கவே வாங்காதீர்கள். அது நிழலைக் கரைக்கும் கருவி. நமக்கு வேண்டியது நிழல்.

முதலில் இருட்டு

இரவு ஏழரைக்கு மேல் தொடங்குங்கள். கேமராவை மேனுவலில் வைத்து ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 200, ஷட்டர் 1/160 நொடி, லென்ஸ் துளை எஃப் 5.6. ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். முழுக் கருப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் அறை விளக்கை அணையுங்கள், அடுத்த அறைக் கதவைச் சாத்துங்கள்.

ஷட்டரை 1/200-க்கு மேலே கொண்டு போனால், பெரும்பாலான கேமராக்களில் படத்தின் ஓர் ஓரம் கருப்புப் பட்டையாக வரும். ஃபிளாஷ் அடிக்கும் நேரத்தில் ஷட்டரின் இரண்டாம் திரை மூட ஆரம்பித்திருக்கும். அதன் நிழல்தான் அது. ஃபிளாஷ் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். மொபைல் டார்ச்சை முகத்தில் அடித்து ஃபோகஸ் செய்துவிட்டு, லென்ஸை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு) மாற்றுங்கள். அதன்பிறகு ஆள் நகரக் கூடாது.

நிழலின் ஓரம்: எல்லோரும் சறுக்கும் இடம்

ஃபிளாஷை ஜன்னலுக்கு வெளியே ஒரு மீட்டரில் வைத்து, ஆளை உள்ளே இரண்டு மீட்டரில் நிறுத்திப் பாருங்கள். பட்டையே விழாது, மங்கலான சாம்பல்தான் விழும். காரணம் எளிய கணக்கு: நிழல் ஓரம் எவ்வளவு அகலத்துக்குக் கலங்கும் என்பது, ஃபிளாஷ் முகப்பின் அகலத்தை ஜன்னலிலிருந்து ஆளின் தூரத்தால் பெருக்கி, ஃபிளாஷிலிருந்து ஜன்னலின் தூரத்தால் வகுத்தால் வருவது. 7 செ.மீ. முகப்பு, 2 மீட்டர், 1 மீட்டர் என்றால் கலங்கல் 14 செ.மீ. இரண்டரை செ.மீ. சட்டத்தின் நிழல் அதில் காணாமல் போகும்.

இப்போது ஃபிளாஷை மூன்று மீட்டர் தள்ளி வைத்து, ஆளை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டரில் நிறுத்துங்கள். கலங்கல் 2.3 செ.மீ.தான். இன்னொரு சின்ன வேலை: ஃபிளாஷ் தலை 7-க்கு 4 செ.மீ. நீள்சதுரம். அதை ஒருக்களித்து, நீளப் பக்கம் சட்டங்களுக்கு இணையாக, அதாவது நெட்டுக்கு நிற்கும்படி வையுங்கள். கலங்கல் 1.3 செ.மீ.க்கு இறங்கும், நிழல் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். சட்டங்கள் படுக்கைவாட்டில் இருந்தால் ஃபிளாஷும் படுக்கைவாட்டிலேயே இருக்கட்டும். ஃபிளாஷில் 1/4 பவர் (முழுப் பவரில் கால் பங்கு), ஜூம் 50-ல் தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள்.

சந்து குறுகல், மூன்று மீட்டர் கிடைக்காது என்பதுதான் பலருக்கும் வரும் சிக்கல். கருப்பு சார்ட்டில் 2 செ.மீ. அகலக் கீறல் வெட்டி, சட்டங்களுக்கு இணையாக ஃபிளாஷ் முகப்பில் ஒட்டி, ஒன்றரை மீட்டரில் வையுங்கள். அதே 1.3 செ.மீ.தான் வரும். கீறல் பாதி வெளிச்சத்தைத் தின்றாலும், ஃபிளாஷ் கிட்டே வந்துவிட்டதால் பவர் அநேகமாகக் கூட்ட வேண்டியிருக்காது. தொடர்ந்து முழுப் பவரில் மட்டும் அடிக்காதீர்கள், அட்டை கருகும்.

எல்லாம் சரியாக வைத்தும் நிழல் மங்குகிறதா? ஜன்னலில் கொசுவலை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வலை வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கழற்றிவிடுங்கள்.

வெள்ளைச் சுவர்

சுண்ணாம்பு அடித்த சிறிய அறையில் வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிழல் பக்கத்தை வெளுக்கும். அந்தச் சுவருக்கும் முகத்துக்கும் நடுவே, முகத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே, கருப்புத் துணி கட்டுங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர் வீட்டில் இருக்கும் கருப்பு வேட்டி இரண்டு போதும். பளபளக்கும் துணி வேண்டாம், அதுவும் திருப்பி அடிக்கும்.

ஆளிடம், “அண்ணாச்சி, மூஞ்சியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புங்க, அங்கேயே நிறுத்துங்க” என்று சொல்லி, ஒரு விரல் திருப்பலுக்கு ஒரு படம் எடுங்கள். ஒரு பட்டை வெளிச்சம் சரியாகக் கண்ணில் விழ வேண்டும். கண்ணில் நிழலும் கன்னத்தில் வெளிச்சமும் விழுந்தால் படம் செத்துவிடும்.

புகையும் சாரலும்

சாம்பிராணி போட்டு, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி மூன்று நிமிடம் பொறுங்கள். சுருள் சுருளாக இருக்கும்போது எடுத்தால் பூஜை அறை மாதிரி இருக்கும். பரவிய பிறகு வெளிச்சக் கற்றையே கண்ணுக்குத் தெரியும். கேமராவை ஜன்னலை நோக்கித் திருப்பி, ஃபிளாஷ் நேரே லென்ஸைப் பார்க்காதபடி ஆளுக்குப் பின்னால் மறைத்து எடுங்கள்.

ஜூன், ஜூலைச் சாரலுக்கும் இதே விதிதான். துளிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் மட்டுமே மழை தெரியும். 1/16 பவரில் ஃபிளாஷ் நொடிக்கும் மிகக் குறைந்த நேரமே எரிவதால் துளிகள் புள்ளியாக உறைந்து நிற்கும். ஃபிளாஷ் தலைக்குமேல் பாலிதீன் உறை போட்டு, கீழ்ப்பக்கம் திறந்து விடுங்கள். உள்ளே தண்ணீர் போன ஃபிளாஷை ஆன் செய்யவே கூடாது; கெப்பாசிட்டரில் பல நூறு வோல்ட் நிற்கும்.

கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது

ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத கோப்பில்) எடுங்கள், டார்க்டேபிள் என்ற மென்பொருளில் மாற்றுங்கள். இருட்டில் கேமராத் திரை எப்போதும் அதிகப் பிரகாசமாகத் தெரியும், அதை நம்பாமல் ஹிஸ்டோகிராமை (இடது பக்கம் இருட்டையும் வலது பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடத்தை) பாருங்கள். இடது ஓரத்தில் மலைபோல் குவிந்திருந்தால் சரி. வலது ஓரத்தை முட்டினால் வெள்ளைச் சட்டை வெளிறிவிட்டது, பவரை 1/8-க்கு இறக்கி மறுபடி எடுங்கள்.