பிக்கப்ல ரெக்கவரி வின்ச் மாட்டுறது எப்படி: முதல்ல பிளேட், அப்புறம்தான் வின்ச்

புதுசா 4x4 பிக்கப் எடுத்தவங்க கேக்குற முதல் கேள்வி "எந்த வின்ச் வாங்கலாம்?"ங்கிறதுதான். வின்ச்னா, சேத்துல மாட்டுன வண்டிய ரோப் சுத்தி இழுத்து வெளிய எடுக்கிற மோட்டார். நான் திருப்பிக் கேக்குறது, உங்க வண்டிக்கு மவுண்டிங் பிளேட், அதாவது வின்ச்ச வண்டியோட சேத்துப் பிடிக்கிற தகடு கிடைக்குதா, அத பாத்தீங்களா? வின்ச் எந்த வண்டிக்கும் பொதுவான சாமான், பிளேட் அப்படி இல்ல, இசுஸு வி-கிராஸுக்கு செஞ்ச பிளேட் டொயோட்டா ஹைலக்ஸ்ல உக்காராது. அதுக்குள்ள எவ்ளோ உயரமான வின்ச் போகும், வின்ச்சோட கிளட்ச் லிவருக்கு (ரோப்ப கையால இழுக்க டிரம்ம விடுவிக்கிற பிடி) கை எட்டுமா, கன்ட்ரோல் பாக்ஸ் வின்ச் மேலயே இருக்கலாமா இல்ல கழட்டி வேற இடத்துல வைக்கணுமா, இத்தனையையும் பிளேட்தான் முடிவு பண்ணுது. ஆஃபர்ல வந்துச்சேன்னு வின்ச்ச வாங்கி வச்சிட்டு பிளேட் தேடி அலையாதீங்க.

நான் இங்க சொல்லப்போறது நம்ம ஊர்ல ஓடுற வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி வண்டிக்கு, 12 வோல்ட் எலெக்ட்ரிக் வின்ச்ச கம்பெனி பம்பருக்குப் பின்னாடி ஒளிச்சு மாட்டுற முறை. முன்னாடி பெரிய இரும்பு பம்பர் போட்டு அதுல வச்சா கெத்தா இருக்கும்தான், ஆனா 2017 டிசம்பர்லயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு மாதிரி முன்னாடி மாட்டுற இரும்புக் கம்பிங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிடுச்சு, மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு வண்டிய இஷ்டத்துக்கு மாத்துறதுக்கு தடை போடுது. நடந்து போறவங்க மேல பட்டா அடி பலமா விழும், ஏர்பேக் சென்சாருக்கு அதிர்ச்சி போய்ச் சேர்ற விதமும் மாறிடும். ஒளிச்சு மாட்டுனாலும் அது மாற்றம்தான், அதனால வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்காரங்க கிட்டயும் கேட்டுக்கங்க, இன்சூரன்ஸ் பதில எழுத்துல வாங்கி வச்சிருங்க.

எத்தன பவுண்டு வேணும்

வின்ச் எல்லாம் பவுண்டு கணக்குலதான் விக்கிறாங்க. உங்க ஆர்சி புக்ல மொத்த எடைன்னு, அதாவது லோடோட சேத்து ஒண்ணு போட்டிருக்கும், வெறும் வண்டி எடைய எடுக்காதீங்க. அந்த மொத்த எடைய ஒன்றரையால பெருக்குங்க. உதாரணத்துக்கு 2,900 கிலோன்னா 4,350 கிலோ வரும், ஒரு பவுண்டு 0.4536 கிலோ, அப்போ ஏறக்குறைய 9,600 பவுண்டு. 9,500 வாங்குனா ஒட்டி நிக்கும், 10,000 வாங்குனா நிம்மதி. எதுக்கு ஒன்றரை மடங்குன்னா, சேத்துல ஆக்ஸில் வரைக்கும் பொதஞ்ச வண்டி தார் ரோட்டுல நிக்கிற வண்டி மாதிரி உருண்டு வராது, சேறு உறிஞ்சிப் பிடிக்கும், மேடு வேற இருக்கும்.

இன்னொரு சூட்சுமம் இருக்கு, அட்டைல போட்டிருக்கிற அந்த 10,000 பவுண்டு, ரோப் சுத்துற டிரம்முல அடியில ஒரே ஒரு அடுக்கு ரோப் மட்டும் இருக்கும்போது கிடைக்கிற இழுவை. மேல ஒவ்வொரு அடுக்கா ரோப் ஏற ஏற டிரம்மோட சுத்தளவு பெருசாகி இழுவை குறையும், டிரம் நிறைஞ்சிருக்கும்போது கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்குதான் கைல நிக்கும். பக்கத்துல இருக்கிற மரத்துல மாட்டி இழுத்தா வின்ச் திணறுறதும் தூரத்து மரத்துல மாட்டுனா சுலபமா வர்றதும் இதனாலதான். ஸ்னாட்ச் பிளாக்ன்னு ஒரு கப்பி இருக்கு, அதுல ரோப்ப மடிச்சு திருப்பி வண்டியிலயே மாட்டுனா இழுவை ஏறக்குறைய ரெண்டு மடங்கு, வேகம் பாதி. அதனால 12,000 பவுண்டுக்கு ஓடுறத விட 10,000ம் ஒரு நல்ல கப்பியும் வாங்குறது புத்திசாலித்தனம்னு நான் சொல்லுவேன், முன் சஸ்பென்ஷன் மேல ஏறுற பாரமும் மிச்சம்.

இரும்பு ரோப்பா, சிந்தெட்டிக்கா

பிக்கப்புக்கு சிந்தெட்டிக், அதாவது செயற்கை நார் ரோப்தான். எடை பாதிக்கும் கம்மி, தண்ணில மிதக்கும், கையில சிலாம்பு ஏறாது, அறுந்தா இரும்பு அளவுக்கு ஆள வெட்டாது (ஆனா அதுவும் அடிக்கும், தைரியமா பக்கத்துல நிக்காதீங்க). கெட்டது என்னன்னா வெயில்ல மெல்ல மெல்ல பலம் இழக்கும், பாறை முனையில உரசுனா நார் நாரா பிரியும், சூடு தாங்காது. பல வின்ச்ல பிரேக், ரோப் சுத்துற டிரம்முக்கு உள்ளயே இருக்கும், பாரத்தோட ரோப்ப வெளிய விடும்போது டிரம் கொதிக்கும், அந்தச் சூடு முதல் அடுக்கு ரோப்ப கெடுக்கும். பாறை மேலயே ஓட்டுறவங்க, இல்ல மரக்கட்டை இழுக்க தோட்டத்துல தினமும் போடுறவங்க இரும்பு போட்டுக்கலாம்.

ரோப்புக்கு ஏத்த ஃபேர்லீட் (ரோப் வெளிய வர்ற வாய்) போடணும். சிந்தெட்டிக்னா வழவழன்னு இருக்கிற அலுமினியம் ஹாஸ், இரும்புன்னா நாலு உருளை வச்ச ரோலர். பழைய இரும்பு ரோப் ஓடுன ஃபேர்லீட்ல சிந்தெட்டிக்க விடாதீங்க, அதுல இருக்கிற கீறல் ஒவ்வொண்ணும் பிளேடு.

பிளேட்ல என்ன பாக்கணும்

சேஸிஸோட ரெண்டு கம்பிலயும் நேரா போல்ட் ஆகணும், அது முக்கியம். பம்பர் பிராக்கெட்லயோ ரேடியேட்டர் சப்போர்ட்லயோ தொங்குற மாதிரி யாராவது பட்டறைல செஞ்சு குடுத்தா வேண்டாம்னு வந்துருங்க. கனம் 6 மி.மீ. இருக்கணும். 8,000ல இருந்து 12,000 பவுண்டு வரைக்கும் இருக்கிற பெரும்பாலான வின்ச்சுக்கு அடிப்பக்கம் நாலு போல்ட் ஓட்டை, 254 மி.மீ.க்கு 114.3 மி.மீ. இடைவெளி. ஃபேர்லீட் ஓட்டை ரெண்டும் 254 மி.மீ. டேப் வச்சு அளந்துட்டு காசு குடுங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி

வின்ச் வந்ததும் அப்படியே தரைல வச்சு பேட்டரில கனெக்ட் பண்ணி ரெண்டு பக்கமும் சுத்துதா, ரிமோட் வேல செய்யுதான்னு பாருங்க. எல்லாம் முறுக்கி பம்பரையும் பூட்டினப்புறம் டப்பா மோட்டார்னு தெரிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு.

அப்புறம் பேட்டரி நெகட்டிவ்வ கழட்டிட்டு கிரில், பம்பர் எடுங்க. கிளிப்பெல்லாம் ஒரு டப்பால போடுங்க, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போன்ல போட்டோ எடுத்துக்கங்க. ஏர்பேக் சென்சார் ரேடியேட்டர் பக்கத்துல மஞ்சள் கனெக்டரோட இருந்தா அதத் தொடாதீங்க, இடம் மாத்தவும் கூடாது. பிளேட்ட ரெண்டு பேரா தூக்கி வச்சு போல்ட்ட கையால மட்டும் முறுக்குங்க. இப்போ வின்ச்ச மேல வச்சு பாக்கணும்: ரேடியேட்டர், இன்டர்கூலருக்கு காத்து போற வழி அடைபடுதா, பம்பர திருப்பி வச்சா கிளட்ச் லிவர கை விட்டு திருப்ப முடியுதா? லிவர் தப்பான பக்கம் பாத்து நின்னா, பல மாடல்ல கியர் பக்கத்து மூடி ஸ்க்ரூவ எடுத்து ஹவுசிங்க சுத்தி மாட்டிக்கலாம், மேனுவல்ல படம் போட்டிருப்பாங்க.

முறுக்குறது

வின்ச் கூட வர்ற போல்ட்டயே போடுங்க. பெரும்பாலும் எம்10, 8.8 கிரேடு, தலைல எண் அடிச்சிருக்கும். தொலஞ்சு போச்சுன்னா அதே கிரேடு, அதே நீளத்துல வாங்கணும், எண்ணே இல்லாத ஹார்டுவேர் கடை போல்ட் இங்க ஆகாது. நீளம் ஏன் முக்கியம்னா, குட்டையா இருந்தா நட்டுல ரெண்டு மரை மட்டும் பிடிச்சு பிச்சுக்கும், நீளமா இருந்தா உள்ள அடில இடிச்சு நின்னுரும், நீங்க டைட் ஆயிடுச்சுன்னு நினைப்பீங்க, வின்ச் ஆடிக்கிட்டிருக்கும். முதல்ல சேஸிஸ் போல்ட், அப்புறம் வின்ச்சோட நாலு போல்ட்ட குறுக்குக் குறுக்கா, கடைசில ஃபேர்லீட். மேனுவல்ல போட்டிருக்கிற டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்ச்ல முறுக்கி, ஒவ்வொரு போல்ட் மேலயும் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுருங்க. பின்னாடி போல்ட் தளர்ந்தா கோடு விலகி நின்னு காட்டிக் குடுத்துரும்.

நம்பர் பிளேட் ஃபேர்லீட்ட மறைக்கும். மடக்குற மாதிரி ஹோல்டர் வாங்கிக்கலாம், ஆனா ரோட்டுல போகும்போது எச்எஸ்ஆர்பி பிளேட் (ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட்) முழுசா நேரா தெரியணும்.

ஒயரிங்

புதுசா செய்றவங்க பயப்படுறது இங்கதான், ஆனா வேலை சின்னது, கவனம்தான் ஜாஸ்தி. வின்ச் முழு பாரத்துல 400 ஆம்பியருக்கு மேல இழுக்கும். உங்க ஆல்டர்னேட்டர் 100 சொச்சம் குடுத்தா பெரிசு, மிச்சம் பூரா பேட்டரி தலைல. அதனால வின்ச் ஓடும்போது என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணும், பேட்டரி நல்ல சி.சி.ஏ. (குளிர்ல ஸ்டார்ட் பண்ற கரண்ட் அளவு) உள்ளதா, புதுசா இருக்கணும், தடுமாறுற பேட்டரின்னா முதல்ல அத மாத்துங்க.

சிவப்பு கேபிளும் கருப்பு கேபிளும் ரெண்டுமே நேரா பேட்டரிக்கு போகணும். கருப்ப பாடில எங்கயாவது எர்த் பண்ணிட்டு போற எலெக்ட்ரீஷியன்கள் உண்டு, விடாதீங்க, அவ்ளோ கரண்ட் பெயின்ட் அடிச்ச தகட்டு வழியா போனா அங்க சூடாகும், இழுவையும் குறையும். சிவப்புல பேட்டரி பக்கத்துலயே கரண்ட்ட முழுசா துண்டிக்கிற ஒரு ஐசோலேட்டர் சுவிட்ச் போடுங்க, அந்த கரண்ட்ட தாங்குற ரேட்டிங்ல. வின்ச் தேவைப்படாத நேரம் அது ஆஃப்லயே இருக்கட்டும். கன்ட்ரோல் பாக்ஸ்ல மோட்டாருக்கு கரண்ட் விடுற கான்டாக்டர் ஒட்டிக்கிச்சுன்னா ரிமோட்ட விட்டாலும் வின்ச் நிக்காது, அன்னிக்கு உங்கள காப்பாத்துறது இந்த சுவிட்ச் மட்டும்தான்.

கேபிள கொஞ்சம் கூட கூர்முனையில உரசாம, எக்ஸாஸ்ட், ஃபேன் பெல்ட், ஸ்டியரிங் பக்கம் போகாம, கார்ருகேட்டட் டியூப் போட்டு கொண்டு போங்க, தகட்டு ஓட்டை வழியா போற இடத்துல ரப்பர் குரோமெட். கன்ட்ரோல் பாக்ஸ தனியா வைக்கிறதா இருந்தா பேட்டரி பக்கத்துல, தண்ணி நேரா அடிக்காத இடத்துல. நெகட்டிவ் கடைசியா மாட்டணும். வயர்லெஸ் ரிமோட் இருந்தாலும் ஒயர் ரிமோட் வண்டிலயே கிடக்கட்டும், பேட்டரி தீந்துபோன ரிமோட்டோட ஆத்து மணல்ல நின்னா ஒண்ணும் பண்ண முடியாது.

ரோப்ப முதல் தடவை சுத்துறது

இத செய்யாம நேரா சேத்துக்குப் போறவங்கதான் அதிகம். தொழிற்சாலைல ரோப் லூசாதான் சுத்தியிருக்கும், பாரம் விழுந்ததும் மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள்ள புதஞ்சு சிக்கிக்கும், பிரிக்கவே முடியாது. அதனால சமமான காலியிடத்துல, இல்ல லேசான சரிவுல, மரத்துல அகலமான ட்ரீ ஸ்ட்ராப் போட்டு (ரோப்ப மரத்துல நேரா சுத்துனா பட்டை உரிஞ்சு மரமும் போகும், ரோப்பும் போகும்) கிளட்ச்ச விடுவிச்சு ரோப்ப கையால வெளிய இழுங்க. டிரம்முல எட்டுல இருந்து பத்து சுத்து மிச்சம் இருக்கணும், ரோப்ப டிரம்முல பிடிச்சு நிறுத்துறது அந்தச் சுத்துகளோட உராய்வுதான், முனையில இருக்கிற சின்ன ஸ்க்ரூ இல்ல. அப்புறம் ஒருத்தர் உள்ள உக்காந்து பிரேக்க லேசா தொட்டுக்கிட்டே இருக்க, வின்ச்சால வண்டிய மரத்துப் பக்கம் இழுத்து, பக்கத்துப் பக்கமா நெருக்கமா அடுக்குங்க. டிரம்ம கையால தொட்டு சரி பண்ணணும்னா மோட்டார நிறுத்திட்டு பண்ணுங்க.

ரோப் டிரம்முக்கு அடிப்பக்கமா வரணுமா மேல்பக்கமான்னு மேனுவல்லயும் டிரம் மேலயும் அம்பு போட்டிருக்கும், பெரும்பாலும் அடிப்பக்கம்தான். தலைகீழா சுத்துனா வின்ச் இழுக்கும், ஆனா பாரத்த பிடிச்சு நிறுத்துற பிரேக் வேல செய்யாது, சரிவுல வண்டி பின்னாடி ஓடும்.

முதல் நிஜ இழுவைல

4.75 டன் போ ஷேக்கிள் (ஸ்ட்ராப்பயும் ஹூக்கயும் சேக்கிற இரும்பு வளையம்), தோல் கையுறை, ட்ரீ ஸ்ட்ராப், அறுந்த ரோப் பறக்காம இருக்க அது நடுவுல போட ஒரு டேம்பர் (இல்லாட்டி ஈர சாக்கு) இது நாலும் இல்லாம வின்ச்ச வெளிய எடுக்காதீங்க. ஹூக்க அந்த ரோப்லயே திருப்பி மாட்டாதீங்க. இழுக்கும்போது ரோப் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துல எல்லாரும் நிக்கட்டும், யாரும் ரோப்ப தாண்டக்கூடாது, வீடியோ எடுக்கிற தம்பிய முதல்ல ஓரம் கட்டுங்க. ஒரு நிமிஷம் இழுத்துட்டு நிறுத்தி மோட்டார ஆற விடுங்க, தொட்டா கை பொறுக்கலன்னா இன்னும் நேரம் குடுங்க.

வீட்டுக்கு வந்ததும் மார்க்கர் கோடெல்லாம் நேரா நிக்குதான்னு பாத்துட்டு, ரோப்ப முழுசா இழுத்துப் போட்டு வெறும் தண்ணில சேறு போகக் கழுவி, நிழல்ல காய வச்சு, திரும்பவும் பாரம் குடுத்து சுத்துங்க. மணல் துகள் உள்ள தங்குனா நார உள்ளேர்ந்தே அறுத்துக்கிட்டே இருக்கும், வெளில பாத்தா தெரியாது.