தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு குடும்பத்தோட ரெண்டு நாள் கார் ட்ரிப்: வெயில பாத்து பிளான் போடுங்க

மொதல் தடவ நாங்க தரங்கம்பாடி போனது ஒரு மே மாசம், சரியா மத்தியானம் பன்னெண்டரைக்கு கோட்டை வாசல்ல எறங்குனோம். சின்னவ செருப்ப கார்லயே விட்டுட்டு எறங்கிட்டா, மணல்ல ரெண்டு அடி வெச்சதும் ஒத்தக் கால தூக்கிக்கிட்டு கத்துனா பாருங்க, அத பாத்ததும் எங்க அத்தை கார விட்டு எறங்கவே மாட்டேன்னுட்டாங்க, வீட்டுக்காரர் மட்டும் உள்ள போய் பத்து நிமிஷத்துல வேர்த்து ஊத்திட்டு திரும்பி வந்து "சுவர்தான் இருக்கு"ன்னார். சென்னைல இருந்து கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டுப் போய் சுவர்தான் இருக்கு! அடுத்த ஜனவரில மறுபடி போனோம், அதே கோட்டை, ஆனா சாயங்காலம் நாலு மணி. அன்னிக்கு அதே மனுஷன அங்கருந்து கெளப்ப முடியல.

அதனால இந்த ட்ரிப்புக்கு நான் சொல்ற ஒரே ரூல், எந்த இடம் எத்தன மணிக்குன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கேத்த மாதிரி தானா வந்து உக்காந்துக்கும். கடலோரக் கோட்டைன்னா நெழல் கெடையாது, மரம் கெடையாது, செங்கல்லும் மணலும் பத்து மணிக்கே சூடு ஏறிடும். சாயங்காலம் ஆச்சுன்னா சூரியன் மேக்க போயிடும், நம்ம கடல் கெழக்க இருக்கு, கோட்டையோட நெழல் அப்படியே மணல் மேல விழும், கொழந்தைங்க அதுல உக்காந்து விளையாடலாம், பெரியவங்க சுவர் ஓரமா காத்து வாங்கலாம். இத கண்டுபிடிக்க எங்களுக்கு ரெண்டு ட்ரிப் ஆச்சு.

மாசமும் முக்கியம். ஜனவரி, பிப்ரவரி தான் பெஸ்ட். அக்டோபர் கடைசில இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, புயல் சின்னம்னு நியூஸ்ல சொன்னாங்கன்னா யோசிக்கவே வேணாம், கேன்சல் பண்ணிடுங்க, கடலூர்ல இருந்து கீழ போற பூரா ஏரியாவும் தண்ணி தேங்குற ஏரியா. ஏப்ரல் மே பத்தி மேலயே சொல்லிட்டேன்.

சனிக்கிழம விடியக்காலம் அஞ்சு மணிக்கு வண்டி நகரணும். அஞ்சுன்னா அஞ்சு, எங்க வீட்டுல அஞ்சுன்னு சொன்னா ஆறு ஆகும்ங்கறதால நான் நாலரைன்னு சொல்லி வெப்பேன். மொத நாள் ராத்திரியே டீசல் போட்டு, டயர் காத்து பாத்து (ஸ்டெப்னி டயரையும் சேத்து, அத யாருமே பாக்கறதில்ல), ஃபாஸ்டேக்ல பேலன்ஸ் போட்டு வெச்சிடுங்க. பெட்ரோல் வண்டின்னா டேங்க் ஃபுல் பண்ண வேணாம், பாண்டிச்சேரில தமிழ்நாட்ட விட ரேட் கம்மி, அங்க போய் ரொப்பிக்கலாம். பாண்டில இன்னொன்னும் ரேட் கம்மிதான், ஆனா அத வாங்கி டிக்கில வெச்சீங்கன்னா பார்டர் செக்போஸ்ட்ல குடும்பத்தோட நிக்க வேண்டி வரும், நம்ம வீட்டு ஆம்பளைங்ககிட்ட இத முன்னாடியே சொல்லிடுங்க.

ரூட் ரொம்ப சிம்பிள். ஈசிஆர் புடிச்சு மாமல்லபுரம், மரக்காணம், பாண்டி, கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம் தாண்டி சீர்காழி, அப்புறம் திருக்கடையூர், அதத் தாண்டுனதும் தரங்கம்பாடி. மரக்காணம் கிட்ட ரோட்டோரமா உப்பளம் வரும், பசங்க முழிச்சிருந்தா ரெண்டு நிமிஷம் நிறுத்திக் காட்டுங்க, பாத்தி பாத்தியா தண்ணி நிக்கறதும் வெள்ளையா குமிச்சு வெச்சிருக்கறதும் எல்லாம் ஃபோட்டோல பாக்கறத விட நேர்ல நல்லா இருக்கும். திருக்கடையூர்ல மட்டும் கவனம், அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் பண்றவங்க எல்லாரும் அங்கதான் வர்றாங்க, முகூர்த்த நாளா இருந்தா கோயில் தெருப் பக்கம் வண்டியத் திருப்பாம நேரா மெயின் ரோட்டுலயே போயிடுங்க, நான் சொல்றேன்னு அத்தைகிட்ட சொல்லிடாதீங்க.

சாப்பாடு விஷயத்துல என் கருத்து, காலைக்கு இட்லிய வீட்டுலயே மொளகாப்பொடி எண்ணெய் தடவி கட்டிக்கிட்டுப் போயிடுங்க, அஞ்சு மணிக்கு கெளம்புன பசங்க ஆறரைக்கே பசிக்குதும்பாங்க, அந்நேரம் ஓட்டல் தேடுனா அரை மணி நேரம் போச்சு. மத்தியானம் சிதம்பரத்துலயோ சீர்காழிலயோ ஓட்டல்ல சாப்பிடலாம், சிதம்பரம்னா இட்லிக்கு கத்திரிக்காய் கொத்சு கெடைக்குதான்னு கேட்டுப் பாருங்க. வாந்தி எடுக்கற கொழந்த இருந்தா கெளம்பறதுக்கு முன்னாடி பால் குடுக்காதீங்க, ஜன்னல் ஓரம் உக்கார வைங்க, கையில ஃபோன் குடுக்கவே குடுக்காதீங்க, எலுமிச்சம்பழம் ஒண்ணு மோந்துக்கிட்டே வரட்டும். பெட்ரோல் பங்க் பாத்ரூம் சுத்தமா இருக்கறது கண்ணுல பட்டா வேணுமோ வேணாமோ எல்லாரையும் எறக்கி விட்டுடணும், ஏன்னா அடுத்தது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்.

ஒரு மணிக்குள்ள ரூம் போயிடலாம். தரங்கம்பாடிலயே தங்கற இடம் கம்மி, பழைய பங்களாவ ஓட்டலா மாத்துனது மாதிரி ஒண்ணு ரெண்டு இருக்கு, வீக்எண்ட்னா சீக்கிரம் ரொம்பிடும், பட்ஜெட்டும் இடிக்கும். இல்லன்னா காரைக்கால்ல லாட்ஜ் நெறைய இருக்கு, கார்ல அரை மணி நேரம் கூட ஆகாது. ரூம் போனதும் எல்லாரும் தூங்கணும், டிரைவர் கண்டிப்பா தூங்கணும். மூணரைக்கு டீ குடிச்சிட்டு கெளம்புங்க. கோட்டைக்குள்ள இருக்கற மியூசியம் ஆபீஸ் டைம் மாதிரி சாயங்காலம் மூடிடுவாங்க, அதனால எறங்குனதும் மொதல்ல டிக்கெட் எடுத்து உள்ள போயிடுங்க, கடற்கரை எங்கயும் ஓடிடாது. சில்லறை கையில வெச்சிக்கோங்க. வெள்ளிக்கிழம லீவு, அதனால லாங் வீக்எண்ட்னு வெள்ளியே போறவங்க ஏமாந்துடாதீங்க.

உள்ள போறதுக்கு முன்னாடி கார்லயே பசங்களுக்கு கதைய சொல்லிடுங்க, கதை தெரியலன்னா சுவர்தான் தெரியும். 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு ஓவே ஜெத்தேங்கற டென்மார்க் கப்பல் தளபதி கட்ட ஆரம்பிச்ச கோட்டை இது, வந்தது மிளகு வியாபாரத்துக்கு. இதெல்லாம் பாட புத்தகம் மாதிரி இருக்கும், பசங்க கொட்டாவி விடுவாங்க. அவங்கள நிமிந்து உக்கார வெச்சது அடுத்த கதைதான். டென்மார்க்ல சண்டை, பணம் இல்ல, கப்பல் வர்றது நின்னு போச்சு, முப்பது வருஷம் கிட்ட ஊர்ல இருந்து ஒரு கப்பல் கூட வரல. இங்க இருந்தவங்க ஒவ்வொருத்தரா செத்துப் போக, ஓடிப் போக, கடைசில 1655-ல எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கேன்னு ஒரே ஒரு டேனிஷ்காரர் மிச்சம். பெரிய அதிகாரி எல்லாம் இல்ல, சாதாரண ஆள். அவர் உள்ளூர் ஆட்கள வெச்சிக்கிட்டு 14 வருஷம் கோட்டைய விடாம புடிச்சு வெச்சிருந்தார், ஊரச் சுத்தி மதிலும் எழுப்பினார். 1669-ல தான் அடுத்த கப்பல் வந்துச்சு. எம்பொண்ணு மாடில பீரங்கி பக்கத்துல நின்னு கடலயே பாத்துக்கிட்டு "அம்மா, அவர் தெனமும் இங்க வந்து கப்பல் வருதான்னு பாத்திருப்பார்ல?"ன்னு கேட்டா. சுவர்தான் இருக்குன்னு சொன்ன மனுஷன் அப்பதான் ஃபோன பாக்கெட்ல வெச்சாரு.

கீழ் தளத்துல குடோன், ஜெயில் அறை எல்லாம் குனிஞ்சு பாக்கற மாதிரி இருக்கும், மேல கவர்னர் இருந்த ரூமுங்க. மியூசியத்துல கத்தி, ஈட்டி, சின்ன பீரங்கி குண்டு, திமிங்கல எலும்பு இருக்கு, பசங்களுக்கு எலும்பு போதும். மாடிக்கு போனா கைய புடிச்சுக்கோங்க, வயசானவங்கள படி ஏத்த வேணாம், கீழயே முத்தத்துல உக்காரலாம்.

அப்புறம் கடல். அழகா இருக்கும், குளிக்க வேணாம். அலை உள்ள இழுக்கும். கால் நனைச்சாலும் கைய விடாதீங்க. பக்கத்துலயே மாசிலாமணிநாதர் கோயில், 1306-ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டுனது, கோட்டைய விட முன்னூறு வருஷம் மூத்தது, அதோட பெரும்பகுதிய கடலே அரிச்சு எடுத்துக்கிச்சு. கரைய காப்பாத்த கொட்டி வெச்சிருக்கற பாறாங்கல் மேல ஏறி செல்ஃபி எடுக்கற கூட்டம் எப்பவும் இருக்கும், அதுல பாசி புடிச்சிருக்கும், நம்ம பசங்கள ஏத்தாதீங்க. 2004 சுனாமில இந்த ஊர் பட்ட பாடு பெரிய பாடு, அங்க வலை பின்னிக்கிட்டு இருக்கறவங்ககிட்ட பொழுதுபோக்கா அதப் பத்தி கேக்காம இருக்கறது நல்லது.

ஞாயித்துக்கிழம ஆறு மணிக்கு முன்னாடி கடற்கரைக்கு வந்துடுங்க, சூரியன் கடல்ல இருந்து எழும்பி வர்றத பாத்துட்டு அப்படியே கிங் ஸ்ட்ரீட் நடங்க. நேர் தெரு, அந்தக் கோடில 1792-ல கட்டுன நகர வாசல், வழியில 1701 சீயோன் சர்ச், 1718 புது எருசலேம் சர்ச். ஞாயிறு ஆராதனை நடக்கும், வெளியில நின்னு பாத்துட்டு வந்துடுங்க, உள்ள போய் ஃபோட்டோ எடுக்காதீங்க. 1706-ல இங்க வந்து எறங்குன ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அந்த புது எருசலேம் சர்ச்லதான் அடக்கம். தமிழ்ல புதிய ஏற்பாட்ட அச்சடிச்சது இந்த ஊர்லதான், அதுக்கு காகிதம் பத்தாம பொறையார் பக்கத்துல காகித ஆலையே வெச்சாங்க, அந்த இடத்துக்கு இன்னிக்கும் கடுதாசிப் பட்டறைன்னு பேரு. எனக்கு இந்த ட்ரிப்ல புடிச்சதே அந்த பேருதான்.

பத்தரைக்குள்ள ரூம் காலி பண்ணி கெளம்புங்க, பாண்டில லேட் லஞ்ச், நாலு மணிக்கு கடப்பாக்கம் கிட்ட ஆலம்பரை கோட்டைல நிறுத்தலாம். மறுபடி அதே நாலு மணி, கவனிச்சீங்களா? இது பாழடஞ்ச கோட்டை, நாணயம் அடிச்ச இடம், பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போய் 1760-ல இங்கிலீஷ்காரங்க இடிச்சுட்டாங்க, இடிஞ்ச செங்கல் சுவருக்குப் பின்னாடியே கழிமுகம். பாத்ரூம் வசதிய நம்பாதீங்க, தண்ணி பாட்டில் கையோட கொண்டு போங்க, நாப்பது நிமிஷம் போதும். யாருக்காவது கண்ணு சொருகுதுன்னா இத விட்டுட்டு நேரா வீட்டுக்கு போயிடுங்க, ஞாயித்துக்கிழம ராத்திரி ஈசிஆர்ல மாமல்லபுரம் தாண்டுனதும் ரிசார்ட்ல இருந்து திரும்பற கூட்டம் பூரா ரோட்டுலதான் இருக்கும்.

திங்கக்கிழம வண்டிய வாட்டர் வாஷ் குடுக்கறப்ப அடிப்பக்கமும் அடிக்கச் சொல்லுங்க, உப்புக்காத்து சும்மா விடாது. மிதியடிய மறக்காம தூக்கி உதறணும், நாங்க போன தடவ மறந்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு பாத்தா ஒரு கைப்பிடி மணலும் சின்னவளோட ஒத்தக் கம்மலும் கெடந்துச்சு.