"கையெழுத்துப் போடாதே" என்று சொல்லிவிடாதீர்கள்

மனநல வார்டில் சேரப்போகிறவர்களோடு வாட்ஸப்பிலும் ஃபோனிலும் பேசித் துணை நிற்கும் எங்கள் மதுரைக் குழுவுக்குப் புதிதாகச் சிலர் வந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒருகாலத்தில் உள்ளே இருந்து வந்தவர்கள், நல்ல மனசுக்காரர்கள். ஆனால் அவர்கள் அனுப்பும் பதில்களைப் படித்தால், நாங்கள் ஆரம்பத்தில் அடித்த கூத்தெல்லாம் திரும்பவும் நடக்கிறது. ரகசியம் காப்பது போன்ற தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

"போடாத தம்பி"

இதுதான் இன்னமும் எரிச்சல் மூட்டுவது. திருமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவர், பல நாள் தூக்கமில்லாமல், வீட்டில் அடிதடி வரை போன நிலையில், ஒரு மருத்துவமனை வரவேற்பறையிலிருந்து எழுதினார்: "அண்ணே, சேர்க்கை ஃபாரத்தை நீட்டுறாங்க. போடவா?" நம் ஆள் உடனே, "போடாத தம்பி. போட்டா உன்னைய வெளியவே விடமாட்டாங்க" என்று தட்டிவிட்டார். தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் அவருடைய அப்பா போட்டார்.

நடந்தது தலைகீழ். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவில் ஒருவர் தானே கேட்டுச் சேர்ந்தால், தானே கேட்டு வெளியே வரலாம். ஆபத்து என்று மருத்துவர் கருதினால் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைத்துப் பரிசோதிக்கலாம், அவ்வளவுதான். மறுத்துவிட்டால் நேரே வீட்டுக்குப் போய்விடலாம் என்று அர்த்தமில்லை. தற்கொலை முயற்சி, பிறரைத் தாக்குவது, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று இருந்தால் 89ஆம் பிரிவு வரும். நியமனப் பிரதிநிதி, அதாவது நம் சிகிச்சை விஷயத்தில் நமக்குத் துணை நிற்கும் ஆள், விண்ணப்பம் கொடுக்க, மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, 30 நாள் வரை வைக்கலாம். பிரதிநிதியை நாம் நியமிக்கவில்லை என்றால் பெரும்பாலும் வீட்டு ஆள்தான் அந்த இடத்துக்கு வருவார்.

முதல் வாரமே தம்பி வெளியே போகணும் என்றார். "அப்பாவைக் கேளுங்க" என்றார்கள். அப்பாவோ பயந்துபோயிருந்தார். இப்படிச் சேர்த்தது சரியா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு முறையிடலாம் என்று தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. வெளியே வந்தபின் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அதற்காக "போட்டுரு" என்றும் சொல்லக்கூடாது. முடிவு அவருடையது. எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் வார்டுக்குப் போகும் முன்பே நம்பிக்கையான ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கச் சொல்லுங்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், அவரும் சம்மதம் எழுதித் தரவேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் வார்டுக் கதை

காலையில் சேரப்போகிறவருக்கு ராத்திரி நீங்கள் பட்ட கதை எதற்கு? "ஷாக் குடுப்பாங்களா?" என்று கேட்டால், மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது என்று சொல்லுங்கள். மற்றபடி உதவுவது சின்ன விஷயங்கள்தான். நாடா வைத்த பைஜாமா, பெல்ட் எல்லாம் வார்டில் வாங்கி வைத்துவிடக்கூடும், எலாஸ்டிக் வைத்ததை எடுத்துப் போகலாம். ஃபோனையும் வாங்கிவிட்டால் ஒரு நம்பர்கூட நினைவிருக்காது, அதனால் தாளில் எழுதி வைத்துக்கொள்ளணும். பழைய மருந்துச் சீட்டையும் மறக்கக்கூடாது.

மாத்திரை ஆலோசனை

வேண்டவே வேண்டாம்.

ஏர்வாடிக்குப் போனவர்களைத் திட்டுவது

மனநோய் தீரும் என்று நம்பிப் பலர் கூட்டிப்போகும் தர்கா ஏர்வாடியில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகியது எல்லோருக்கும் தெரியும். இன்று சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம். ஆனால் மகளை அங்கே கூட்டிப்போன அம்மா, வேறு வழி தெரியாமல்தான் போயிருப்பார். அவரிடம் வக்கீல் தொனியில் பேசினால் அடுத்த தடவை நம்மைக் கூப்பிடவே மாட்டார். கடைசியில் மகளோடு தங்கப்போவது அவர்தான்.

"போதும்ண்ணே" என்று செய்தி வந்தால்

அது தற்கொலை எண்ணமாக இருக்கலாம். டைப் அடித்துக்கொண்டிருக்காதீர்கள், கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108. வீட்டாருக்கும் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் முதல் நாள் பேசும்போதே அவர் சம்மதத்தோடு வீட்டு நம்பர் ஒன்றை வாங்கி வையுங்கள்.